விநாசித்தம்பி சுரண்டிய புள்ளிகள்

விநாசித்தம்பிக்குப் பொய் சொல்ல வராது. ஆனால் இருபத்தாறு ஆண்டுகள் அதற்குத்தான் சம்பளம் வாங்கினார். பினாங்கு ரோட்டில் ஒரு சீனர் நடத்திய போட்டோ ஸ்டூடியோவில் நெகட்டிவ் திருத்துவது அவர் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அவருடைய தாத்தா ரயில்வேயில் எழுத்து வேலை பார்த்த கிராணி. அப்பா தபால் கிராணி. இவர் சீனியர் கேம்பிரிட்ஜ் பள்ளியிறுதிப் பரீட்சையில் இரண்டு முறை தோற்று, பரம்பரையில் முதன்முதலாகக் கையில் அழுக்குப் படுகிற வேலைக்குப் போனார். அந்தக் கை மட்டும் தங்கக் கை என்று முதலாளி சொல்வாராம்.

நெகட்டிவில் எல்லாமே தலைகீழ். முகத்தில் இருட்டாக விழுந்திருக்கும் பள்ளம் அதில் வெளிச்சப் புள்ளி. அதைக் கூராகச் சீவிய பென்சிலால் மூடவேண்டும். முகத்தில் பளிச்சென்று வெளுத்திருப்பது அதில் கறுப்புப் புள்ளி. அதைச் சிறு கத்தியால், படலம் கிழியாமல், மூச்சை அடக்கிக்கொண்டு சுரண்டவேண்டும். சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று பார்க்காமல் எல்லா இனத்துப் பருவுக்கும் விநாசித்தம்பி ஒரே நீதி வழங்கினார். ஸ்டூடியோவில் இருந்தது ஒரே ஒரு சட்டம்: திருத்தாத படம் வாடிக்கையாளர் கண்ணில் படக்கூடாது. நெகட்டிவைக் காட்டச் சொன்னால் ‘தேடிப் பார்க்கிறோம்’ என்று சொல்லவேண்டும். தேடக்கூடாது.

அவருக்குக் கல்யாணம் ஆனதும் அந்த வேலையால்தான். வள்ளிநாயகி என்ற பெண்ணை அவள் அப்பா மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படத்துக்காக ஸ்டூடியோவுக்கு அழைத்து வந்தார். சின்ன வயதில் வந்த அம்மை இரண்டு கன்னங்களிலும் குழிகளை விட்டுப் போயிருந்தது. விநாசித்தம்பி ஒருநாள் முழுக்கப் பென்சில் பிடித்து எல்லாவற்றையும் மூடினார். படத்தைப் பார்த்து ஆசையோடு வந்த மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்த்துவிட்டுக் காப்பி குடிக்காமல் எழுந்து போனார்கள். மூன்று மாதம் கழித்து விநாசித்தம்பியே போய்ப் பெண் கேட்டார். செய்த பாவத்துக்குப் பரிகாரம் என்று சிலர் சொன்னார்கள். அந்த முகத்தை ஒருநாள் முழுக்க அவரைப்போல் யாரும் பார்த்ததில்லை என்பதுதான் உண்மை.

1976-ல் ஸ்டூடியோ கைமாறியது. புது முதலாளி பழைய நெகட்டிவ்களை லாரியில் ஏற்றிக் கொட்டிவிட்டார். விநாசித்தம்பி பல்கலைக்கழகத்து இயற்பியல் துறையில் இருட்டறைக்குப் பொறுப்பாளராகச் சேர்ந்தார். நான்கு ஆண்டுகளில், ஒரு மகளை விட்டுவிட்டு வள்ளிநாயகி இறந்தாள். வீட்டில் மாட்ட ஒரு படம் வேண்டியிருந்தது. இருந்தது அந்தக் கல்யாணப் பேச்சுப் படம் ஒன்றுதான். வாழ்நாளெல்லாம் மற்றவர்களைப் படம் எடுக்கிற இடத்தில் இருந்தவர் வீட்டில் வேறு படம் கிடையாது. அதையே பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டினார். வழவழவென்ற கன்னத்தோடு ஒரு பெண் சுவரிலிருந்து பார்த்தாள். அந்தப் பெண்ணோடு அவர் வாழ்ந்ததில்லை. தினமும் விளக்கேற்றும்போது அவளைப் பார்த்துப் பார்த்து, இரண்டு ஆண்டுகளில், எந்தக் கன்னத்தில் எந்தக் குழி என்பது அவருக்கு மறந்துபோனது. இதை அவர் அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மஹ்பூபா வந்தாள்.

மஹ்பூபாவுக்கு அப்போது முப்பது வயது. சூலியா தெருத் தமிழ் முஸ்லிம் ஒருவரின் மகள். வெளிநாட்டில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு அதே துறையில் ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தாள். கீழ்த்தள ஆய்வுக்கூடத்தில் ஆள் உயரப் பாத்திரம் ஒன்று நின்றது. அதற்குள் இன்னொரு பாத்திரம், அதற்குள் இன்னொன்று, எல்லாவற்றுக்கும் நடுவில் கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய ஒரு கிண்ணம். அந்தக் கிண்ணத்தில் திரவ ஹீலியம். உலகத்தில் எதுவும் அதற்குமேல் குளிர முடியாது என்கிற கடைசிப் புள்ளிக்கு ஒரு டிகிரி மேலே அது இருக்கும். பாத்திரம் முழுவதையும் மேசையோடு சேர்த்து மெதுவாகச் சுழற்றுவாள்.

“தேத்தண்ணியைக் கலக்கினா மொத்தமும் சுத்தும்லா அண்ணே. இது சுத்தாது,” என்று முதல் நாளே அவரிடம் விளக்கினாள். “கிண்ணம் சுத்தும், உள்ள இருக்கிறது நான் பாட்டுக்கு இருக்கேன்னு சும்மா இருக்கும். இன்னும் கொஞ்சம் வேகமாச் சுத்துனா, அப்பத்தான் வழிக்கு வரும். அதுவும் மொத்தமா இல்ல.”

“பின்ன?”

“அது எப்படின்னு படத்துல பார்ப்போம். நீங்க கழுவிக் குடுங்க.”

என்ன எதிர்பார்க்கிறாள் என்று அவள் சொல்லவில்லை. முன்கூட்டிச் சொன்னால் படம் கழுவுகிறவர் அதையே தேடுவார் என்று ஒரு கொள்கை. நல்ல கொள்கைதான். அதனால்தான் இரண்டு ஆண்டுகள் வீணாயின.

கிண்ணத்தின் மேலே ஒரு சிறு திரை. கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலான ஒளி அதில் விழும். நீண்ட நேரம் திறந்து வைத்த காமிராவுக்கு மட்டும் அது தெரியும். படச்சுருள் நேரே விநாசித்தம்பியின் இருட்டறைக்குப் போகும். பிரிண்ட் மட்டும் மஹ்பூபாவிடம் வரும். நெகட்டிவ் அவருடைய அலமாரியில், பூட்டுக்குள். ஸ்டூடியோச் சட்டத்தை அவர் பல்கலைக்கழகத்துக்கும் கொண்டுவந்திருந்தார். யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை. அவர் பிரிண்ட் அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

முதல் சுருளைப் பிரிண்ட் போட்டுப் பார்த்தபோது சாம்பல் நிற வட்டம் ஒன்று. அதன் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. தூசி என்று நெகட்டிவைக் கழுவினார். போகவில்லை. கத்தியை எடுத்துச் சுரண்டினார். போய்விட்டது. அடுத்த சுருளில் இரண்டு புள்ளிகள். தண்ணீரைத் துணியில் வடிகட்டினார், மருந்தை மாற்றினார், இரண்டையும் சுரண்டினார்.

மூன்றாவது சுருளில் மூன்று புள்ளிகள். மேலே இரண்டு, கீழே ஒன்று. வட்டமான சாம்பல் முகம், இரண்டு கண், திறந்த வாய். அது அவரையே பார்த்தது.

விநாசித்தம்பி கத்தியைக் கீழே வைத்துவிட்டு அறைக்கு வெளியே வந்து நின்றார். சேமிப்பறையைப் பார்த்துக்கொள்ளும் கார்த்திகேசு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவன் நின்றான்.

“என்ன அண்ணே, பேயைக் கண்ட மாதிரி?”

“மருந்து வாடை.”

“இருட்டறையில தனியா உட்கார்ந்தா வாடை மட்டுமா வரும்? நம்ம பம்ப் ரூம்லயே யுத்தத்துல செத்த ஜப்பான்காரன் இருமுறான்னு சொல்றாங்க.”

“போடா வேலையப் பாரு.”

திரும்பிப் போய் மூன்றையும் சுரண்டினார். ஒரு கண் சற்றுப் பெரிதாகவே சுரண்டப்பட்டது.

அதற்குப் பிறகு ஆறு வந்தன, ஏழு வந்தன, பதினொன்று வந்தன. முகம் என்றால் இப்போது அது குழி விழுந்த முகம். மற்ற ஆசிரியர்கள் கொடுத்த படங்களையும் அதே மருந்தில், அதே தட்டில்தான் கழுவினார். வண்டின் கால், இரும்பின் விரிசல், சூரிய கிரகணம். ஒன்றிலும் ஒரு புள்ளியும் இல்லை. தூசிக்கு ஆள் பார்த்து உட்காரும் வழக்கம் கிடையாது என்பது அவருக்குத் தெரியும். பேய் என்று ஒன்று இல்லை என்று அவர் உறுதியாக நம்பினார். அது தன்னைத் தேடித்தான் வருகிறது என்றும் உறுதியாக நம்பினார். பென்சிலால் மூடியதை வள்ளிநாயகி ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்கிறாள். கேட்கக் கேட்க அவர் சுரண்டினார். சுத்தமான வெற்று வட்டங்களை மாதா மாதம் மஹ்பூபாவின் மேசையில் வைத்தார்.

மஹ்பூபா பம்ப்பைக் கழற்றி மாட்டினாள். திரையை மாற்றினாள். கம்பிகளை மாற்றினாள். ஹீலியம் சிங்கப்பூரிலிருந்து லாரியில் வந்து, பட்டர்வொர்த்தில் தீவுக்கு வரும் ஃபெர்ரிக்குக் காத்திருக்கும் வரிசையிலேயே கொஞ்சம் கொதித்து ஆவியாகிப் போகும். மிச்சத்தில் ஒரே நாள்தான் வேலை செய்யலாம். ஒவ்வொரு முறையும் வெற்று வட்டம். 1984 ஆகஸ்டில் துறைக் குழுவிடமிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. அடுத்த வாரம் வியாழக்கிழமை கூட்டம். காட்ட ஏதாவது இருந்தால் ஒப்பந்தம் நீளும். இல்லாவிட்டால் பாத்திரத்தைப் பிரித்துவிட்டு அவள் போகலாம்.

அன்று பிரிண்ட் கொடுக்கப் போன விநாசித்தம்பி, மேசையில் தலையைக் கவிழ்த்திருந்தவளைப் பார்த்துத் தயங்கி நின்றார்.

“வைங்க அண்ணே. சுத்தமா இருக்கும், தெரியும். உங்க கை சுத்தம்.” தலையை நிமிர்த்திச் சிரித்தாள். “எங்கம்மா மாப்பிள்ளை பார்த்தாச்சு, தெரியுமா? ஈப்போவுல துணிக்கடை. இந்தப் பொண்ணு பூதக்கண்ணாடில பார்த்தும் ஒண்ணும் கண்டுபிடிக்கல, இனி துணியாவது அளக்கட்டும்னு.”

“அப்படி என்னதான்மா தேடினீங்க?”

“இனி சொன்னா என்ன. ஓட்டை அண்ணே. ஓட்டை.” ஒரு தாளில் வட்டம் போட்டாள். “மொத்தமாச் சுத்தாத திரவம், வேகம் கூடினா என்ன செய்யும்னா, நடுவுல நூல் மாதிரி ஒரு ஓட்டை விடும். அதைச் சுத்தி மட்டும் சுழலும். இன்னும் வேகம் கூட்டினா அந்த ஓட்டை பெருசாகாது. ரெண்டாவது ஒண்ணு ஓரத்துலேருந்து உள்ள வரும். அப்புறம் மூணாவது. எல்லாம் ஒரே அளவு. அரை ஓட்டை, கால் ஓட்டை கிடையாது. ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல ஒட்டாது, தள்ளித் தள்ளி நிக்கும். அதனால முக்கோண முக்கோணமா அடுக்கிக்கும். அந்த ஓட்டையில எலக்ட்ரானை மாட்டி மேல இழுத்தா திரையில வெள்ளைப் புள்ளி விழணும். ஒண்ணு, ரெண்டு, மூணு…” தாளில் புள்ளி வைத்துக்கொண்டே போனாள். மேலே இரண்டு, கீழே ஒன்று.

விநாசித்தம்பி தாளைத் தன் பக்கம் திருப்பினார்.

“புள்ளி இல்லாட்டி?”

“புள்ளி இல்லாட்டி உள்ள எதுவுமே சுத்தல. சுழற்சி முழுக்க அந்த ஓட்டையிலதான் இருக்கு. அதைத் துடைச்சுட்டா மிச்சம் வெறும் தண்ணி.”

இருட்டறைக்கு வந்து பூட்டைத் திறந்தார். அறுபத்தொரு நெகட்டிவ்கள். புள்ளி ஒன்றுகூட இல்லை. அவர் வேலை அப்படி. விளக்குக்கு நேராகப் பிடித்தால் வெறும் சாம்பல். சாய்த்துப் பிடித்தார். கத்தி பட்ட இடங்கள் மட்டும் படலத்தில் சிறு பள்ளங்களாக மினுங்கின. ஏழு பள்ளங்கள் உள்ள ஒன்றை எடுத்துப் பார்த்தார். நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு, தேன்கூட்டில் வைத்த மாதிரி. அவர் அழித்தவை அத்தனையும் அவர் அழித்த இடத்திலேயே இருந்தன. கன்னத்துக் குழிகள்.

மூன்று நாள் அவர் வாய் திறக்கவில்லை. ஓய்வுக்கு இன்னும் மூன்று ஆண்டுகள். ஆராய்ச்சிப் படத்தைத் திருத்தினால் வேலை போகும் என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. மஹ்பூபா ஈப்போவுக்குப் போவாள், பாத்திரம் இரும்புக் கடைக்குப் போகும், நெகட்டிவைக் கேட்டால் தேடிப் பார்ப்பதாகச் சொல்லலாம். நான்காம் நாள் காலை கார்த்திகேசு பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். மஹ்பூபா புத்தகங்களைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள். விநாசித்தம்பி உறையோடு வந்து நின்றார்.

“மா, புள்ளி இருந்துச்சு.”

“எந்தப் புள்ளி?”

“நீங்க தேடின புள்ளி. நான் சுரண்டிட்டேன்.”

அவள் கயிற்றை விடவில்லை. “எத்தனை?”

“எல்லாத்தையும்.”

கார்த்திகேசு வண்டியை நிறுத்திவிட்டு, கேட்கக்கூடாததைக் கேட்டவன் போல் வராந்தாவுக்குப் போனான். ஆனால் கேட்கிற தூரத்தில்தான் நின்றான்.

“ரெண்டு வருஷம் அண்ணே,” என்றாள் மஹ்பூபா. குரல் உயரவில்லை. “என் கணக்கு தப்புன்னு நினைச்சேன். என் கண்ணு தப்புன்னு நினைச்சேன். சத்தியமா, என்னையே தப்புன்னு நினைச்சேன். இப்ப மன்னிப்புக் கேட்க வந்தீங்களா?”

“இல்ல. கேட்டா நீங்க குடுத்துடுவீங்க. விளக்குப் பெட்டி இருக்கா? ஒண்ணு காட்டணும்.”

சாய்த்துப் பிடித்துக் காட்டினார். அவள் திட்டப்போகிறாள் என்று காத்திருந்தார். அவள் ஸ்கேலை எடுத்தாள். அளந்தாள். அடுத்ததை வாங்கி அளந்தாள். பதினொன்று உள்ளதை அளக்கும்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே அளந்ததால் அதில் ஒரு அளவு தவறு.

கடைசிக் குடுவையில் ஹீலியம் பாதி மிச்சம் இருந்தது. கூட்டத்துக்கு முந்தின நாள் பாத்திரத்தை மறுபடி பூட்டிச் சுழற்றினார்கள். விநாசித்தம்பி கழுவினார், மஹ்பூபா இருட்டில் பக்கத்தில் நின்று அவர் கைகளின் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கத்தி அவளுடைய கைப்பையில் இருந்தது. ஏழு படங்களில் புள்ளிகள் விழுந்தன.

வியாழக்கிழமை குழுத் தலைவர் திருநாவுக்கரசு அந்த ஏழையும் மேசையில் பரப்பி, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். அவருக்குப் புகைப்படம் பொழுதுபோக்கு. உறவினர் கல்யாணங்களை இலவசமாக எடுத்துக் கெடுப்பார்.

“இது தூசி,” என்றார் தீர்மானமாக. “நம்ம ஊர் ஈரக் காத்துல இது சகஜம். ரெண்டு வருஷமா ஒண்ணும் இல்ல, கடைசி நாள்ல திடீர்னு வருதாம்.”

மஹ்பூபா வாயிலைப் பார்த்தாள். விநாசித்தம்பியை உள்ளே கூப்பிட்டார்கள். டை கட்டியிருந்தார். பெரிய உறையைப் பிரித்து அறுபத்தொன்றையும் வரிசையாக வைத்தார்.

“சார், தூசின்னா துடைச்சாப் போகும். இது தொடத் தொடத் திரும்பி வந்துச்சு. இதெல்லாம் நான் சுரண்டின இடம்.”

கணிதத் துறையிலிருந்து வந்திருந்த உறுப்பினர் ஒரு நெகட்டிவை ஜன்னல் பக்கம் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: சுரண்டும்போது, புள்ளி எங்கே எங்கே வரவேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமா?

“எனக்கு ஒண்ணுமே தெரியாது சார்.”

விஞ்ஞானத்தில் ஒருவருடைய அறியாமை இவ்வளவு மரியாதையோடு ஏற்றுக்கொள்ளப்பட்டதைப் பினாங்கு அதற்கு முன் கண்டதில்லை. தெரிந்தவர் வைத்த புள்ளி என்றால் சந்தேகப்படலாம். தெரியாதவர் ஒழிக்க முயன்ற புள்ளி, இரண்டு ஆண்டுகள், ஒவ்வொரு முறையும் முக்கோணமாக. அதை யாராலும் இட்டுக்கட்ட முடியாது.

திருநாவுக்கரசுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. “தூசி இல்லன்னு தெரிஞ்சிருக்கு. அப்புறமும் ஏன்யா சுரண்டினீங்க? யாராவது சொன்னாங்களா?”

“இல்ல சார்.”

“பின்ன ஏன்?”

விநாசித்தம்பி டையின் நுனியைப் பிடித்துக்கொண்டார். பொய் ஒன்று வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள், அவரும்.

“என் மனைவி முகத்துல அம்மைத் தழும்பு சார்,” என்றார். “அவதான் வர்றான்னு நினைச்சேன். பயந்துட்டேன்.”

குறிப்பெழுதிக்கொண்டிருந்த கிராணி பேனாவைத் தூக்கினார். திருநாவுக்கரசு கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டார். “அதை எழுத வேணாம்,” என்றார் மெதுவாக. ‘தொழில்நுட்ப உதவியாளரின் தவறான புரிதல்’ என்று பதிவானது.

மஹ்பூபாவின் ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகள் நீண்டது. விநாசித்தம்பிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது; இருட்டறைச் சாவியை வாங்கிக்கொண்டு கார்த்திகேசுவுக்குக் கீழே சேமிப்பறையில் போட்டார்கள். கார்த்திகேசு அவரை அண்ணே என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை. வேலை வாங்குவதையும் நிறுத்தவில்லை. மஹ்பூபா அவரோடு பேச ஏறக்குறைய ஓராண்டு ஆனது. ஈப்போ துணிக்கடைக்காரர் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். பிறகு அவள் நாடு விட்டுப் போனாள். அவர் 1987-ல் ஓய்வு பெற்று, பாயான் பாருவில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் மகள் வீட்டில் இருந்தார். அம்மாவின் கன்னத்துக் குழிகள் அவருக்கு நினைவுக்கு வந்தனவா என்று மகள் ஒருமுறை கேட்டாளாம். பதினொன்று வரைக்கும் தெரியும், அதற்கு மேலே தெரியவில்லை என்றாராம்.

1999 டிசம்பரில் மஹ்பூபா விடுமுறைக்கு வந்தாள். தலையில் நரை. அவள் ஆய்வுக்கூடத்தில் இப்போது திரவம் இல்லை, வாயு. சில லட்சம் அணுக்கள் மட்டும், காந்தத்தால் தொங்கவிட்ட ஒரு சிறு மேகம். கடைசிக் குளிருக்கு மேலே ஒரு டிகிரியில் கோடியில் ஒரு பங்கு. அதை லேசர் ஒளியால் கலக்கினாலும் அதே பிடிவாதம், பிறகு அதே ஓட்டைகள், அதே முக்கோணம்.

“படம் எப்படிப் பிடிக்கிறீங்க?”

“காந்தக் கட்டை அவுத்து விட்டுடுவோம் அண்ணே. மேகம் விரியும், ஓட்டையும் சேர்ந்து விரியும், அப்ப ஒரே ஒரு படம். அதோட மேகம் செத்துடும். அடுத்த படத்துக்குப் புதுசாச் செய்யணும்.”

“பார்த்தா இல்லாமப் போயிடுமா?”

“ஆமா.”

“எங்க காலத்துல பார்க்காம இருந்தாத்தான் இல்லாமப் போகும்,” என்றார்.

அவள் கொண்டுவந்த படத்தை ஓரத்தில் மட்டும் பிடித்து ஜன்னலருகே கொண்டுபோனார். கம்ப்யூட்டரில் அச்சிட்ட தாள். சாம்பல் மேகத்தில் எட்டு கறுப்புப் புள்ளிகள். அறுபத்தேழு வயதுக் கண்களால் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அது ஆறும்வரை அவர் திரும்பவில்லை.

“ஏழுதான் மா,” என்றார். கீழ் ஓரத்துப் புள்ளியைத் தொடாமல் நகத்தால் காட்டினார். “இது உங்க கண்ணாடியில தூசி.”

மஹ்பூபா தாளை வாங்கிப் பார்த்தாள். அந்த எட்டாவது புள்ளியைப் பற்றி அவர்களுடைய குழு இரண்டு வாரம் விவாதித்திருந்தது. “எப்படித் தெரியும்? முக்கோணத்துல உட்காரலேங்கிறதாலயா?”

விநாசித்தம்பி ஆறிப்போன தேத்தண்ணியைக் கையில் எடுத்தார்.

“முக்கோணமெல்லாம் நீங்க அளந்து பாருங்க,” என்றார். “இந்த ஒண்ணு மட்டும் என்னைப் பார்க்கல.”